தொட்டில் கொக்கி

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளான ஒரு லயத்தின் கடைசி வீட்டில், உள் காம்பராவின் குறுக்குமரத்தில், ஓர் எவர்சில்வர் கொக்கி இருக்கிறது. தகரக் கூரையில் ஒழுக்கு, சுவரில் புகைக் கறை, மரத்தில் கரையான் அரித்த தடம். அத்தனைக்கும் நடுவில் அது மட்டும் புத்தம் புதிதாக மின்னும். கண்டி டவுனில் மர்சூக் ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிற சுரேஸ்தான் அதைக் கொண்டுவந்து மாட்டினான். அப்போது அவன் மனைவி சிந்துஜாவுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளை பிறக்க இன்னும் எவ்வளவோ நாள் கிடந்தது. ஆனால் நல்ல சரக்கு வந்தால் தீர்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது கடைக்காரப் புத்தி. அந்தப் புத்தி முதலாளியைவிட வேலையாளுக்குத்தான் கூடுதலாக இருக்கும்.

அவனுடைய அம்மா பாலம்மா கொக்கியைப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போனாள். "வயித்துல இருக்கிற புள்ளைக்கு வெளிய தொட்டி கட்டக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதாடா?" என்றாள். தொட்டில் எங்கே கட்டினேன், கொக்கிதானே மாட்டியிருக்கிறேன், சேலை போட்டால்தானே அது தொட்டில் என்று சுரேஸ் சட்டம் பேசினான். பேசியதோடு நிற்காமல் கொக்கியைப் பிடித்துத் தொங்கியும் காட்டினான். மரம் முனகியது, கொக்கி அசையவில்லை. சிந்துஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகன் தொங்குகிற அழகைப் பார்த்துக் கடைசியில் பாலம்மாவும் சிரித்துவிட்டாள்.

சிந்துஜா மடுல்கெல்லப் பக்கத்துப் பெண். அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தாள். ஏ.எல். எழுதினாள், பெறுபேறு சுமார்தான். கொழும்புக்குப் போய்த் துணிக்கடையில் நில் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு யாரோ கலைத்துப்போட்ட துணியை மடிப்பதற்கா படித்தேன் என்று கேட்டாள். பிள்ளைப் பராமரிப்புப் பயிற்சி ஒன்றை முடித்துக்கொண்டு ஹந்தானையில் பிள்ளைக்காம்பராவுக்கு வேலைக்கு வந்தாள். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இப்போது சுவரில் யானையும் முயலும் வரைந்து வாசலில் நீளமான பெயர்ப்பலகையும் மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. உள்ளே சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு தாயும் தன் பழைய சேலையைக் கொண்டுவந்து கட்டுவாள், அந்த வாசனை இருந்தால்தான் பிள்ளை தூங்கும். எந்தச் சேலை யாருடையது, எந்தப் பிள்ளை எந்த ஆட்டத்துக்கு அடங்கும் என்பதெல்லாம் சிந்துஜாவுக்கு அத்துப்படி.

குழாய் திருத்துகிறேன் என்று ஒரு லீவு நாளில் அங்கே வந்தவன்தான் சுரேஸ். திருத்திய குழாய் அடுத்த கிழமையும் ஒழுகியது, அதற்கடுத்த கிழமையும் ஒழுகியது. கண்டி டவுனில் குழாய் விற்கிற கடையில் வேலை செய்கிறவனுக்கு ஒரு குழாயை ஒழுங்காகப் பூட்டத் தெரியாதா என்று ஒரு நாள் சிந்துஜா கேட்டாள். தெரியும் என்று அவன் ஒத்துக்கொண்டான். கல்யாணம் அப்படி முடிவாயிற்று.

ஆறாம் மாதத்தில் பிள்ளை போய்விட்டது. போய்விட்டது என்றுதான் லயத்தில் எல்லாரும் சொன்னார்கள், பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல.

முதல் நாள் பகல், பிள்ளைக்காம்பராவின் படியில், கொழுந்து பறிக்கிற சீதாவின் மகன் தர்ஷன் சறுக்கி விழுந்தான். கொழுகொழுவென்று கனத்த பையன். சிந்துஜா ஓடிப்போய் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அழுகை அடங்கும் வரை நடந்தாள். மறுநாள் விடிந்ததும் இடுப்பு வலித்தது, பிறகு தண்ணீர் உடைந்தது. ஆட்டோவில் ஏற்றி மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே அவளை ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பிள்ளையின் உடலைத் தரட்டுமா என்று கேட்டபோது வாங்கிக்கொண்டது சுரேஸும் அவன் அப்பா இராமையாவும். சிந்துஜாவுக்குக் காட்ட வேண்டாம், பார்த்தால் கண்ணிலேயே நிற்கும் என்று பாலம்மா சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேண்டும் என்று சொல்லவும் வேண்டாம் என்று சொல்லவும் சிந்துஜாவுக்கு அப்போது தெம்பில்லை. ஆணா பெண்ணா என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அடுத்த நாள் டொக்டர் வந்து சுரேஸை வார்ட்டு வாசலுக்குக் கூப்பிட்டு நெடுநேரம் பேசினார். கட்டிலில் கிடந்தபடி சிந்துஜா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் விரல்களைக் குவித்துக் காட்டினார், விரித்துக் காட்டினார். சுரேஸ், "ஹரி, டொக்டர். ஹரி," என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான். சிங்களத்தில் சரி, சரி என்று அர்த்தம். கட்டிலருகே வந்ததும், "ஒண்ணும் பிரச்சின இல்லியாம். ஒடம்பப் பாத்துக்கச் சொன்னாங்க," என்றான். அவ்வளவு நேரப் பேச்சுக்கு இவ்வளவுதானா என்று சிந்துஜா காத்திருந்தாள். அவன் தண்ணீர்ப் போத்தலின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். ஆறுதல் சொல்ல வருகிறவர்களைப்போல ஆபத்தானவர்கள் வேறு யாருமில்லை. சின்ன வயதுதானே, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள், உடைந்த பீங்கானுக்குப் பதில் வேறொரு பீங்கான் வாங்கிக்கொள்ளலாம் என்பதுபோல. எல்லாம் நல்லதுக்குத்தான் என்றாள் ஒருத்தி. சிந்துஜா அவளைப் பார்த்தாள். கோபம் வர வேண்டிய இடம் என்று தெரிந்தது, ஆனால் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. வந்தது பால் மட்டும்தான். பாலம்மா மல்லிகைப்பூவை வைத்து மார்பை இறுக்கிக் கட்டி, அது வற்றும் வரை ஒரு வார்த்தை பேசாமல் தினமும் பூ மாற்றினாள்.

அதற்குப் பிறகு சிந்துஜா சாப்பிட்டாள், குளித்தாள், துணி துவைத்தாள். தேத்தண்ணீர் குடித்தால் சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை. யாராவது கேட்டால் பதில் சொன்னாள். தானே தன் பக்கத்தில் உட்கார்ந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. அதுகூடப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை என்பதுதான் கஷ்டம்.

சுரேஸ் முதல் பஸ்ஸில் போய்ப் பொழுது சாய்ந்த பிறகு வந்தான். வந்தால் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து போனைப் பார்த்தான். உனக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்று சொல்லி முன் காம்பராவில் பாயைப் போட்டுக்கொண்டான். கொக்கியைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. உள் காம்பராவைக் கடக்கும்போது மட்டும் அவன் தலையைக் குனிந்துகொண்டு போவான். கொக்கி அவன் தலைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அவன் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் குனிகிறான் என்று சிந்துஜா முடிவு கட்டினாள். தர்ஷனைத் தூக்கியது யாராவது சொல்லி அவனுக்குத் தெரிந்திருக்கும், வாய்விட்டுத் திட்ட மனம் வராமல் ஒதுங்கிப் போகிறான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் இருக்க முடியாமல் வேலைக்குத் திரும்பினாள். தாய்மார் அவளைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். சீதா மகனை விடும்போது சிந்துஜாவின் கையில் கொடுக்காமல் பாயில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். அது பயத்திலா கூச்சத்திலா என்று யாருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் இந்த விவரமெல்லாம் கிடையாது, பழையபடி அவள் சேலையைப் பிடித்து இழுத்தன. அவள் அதுகளோடு தரையில் உட்கார்ந்தாள், மடியில் ஏறினால் ஏற விட்டாள். ஆனால் ஒரு பிள்ளையையும் தூக்கவில்லை. தர்ஷன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பான். சிந்துஜா அவனுக்கு ஒரு விளையாட்டுச் சாமானை எடுத்துக் கொடுப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளின் நிறை பார்க்க மிட்வைஃப் நிஷாந்தினி வந்தாள். வேலை முடிந்ததும் சிந்துஜாவைத் தனியாகக் கூப்பிட்டு, கிளினிக்குக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாள். எந்தக் கிளினிக் என்று சிந்துஜா கேட்டாள். நிஷாந்தினிக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.

"ஒரு மாசத்துல வரச் சொல்லியிருக்காங்களே. நான் வார்ட்டுல விசாரிச்சேன். டொக்டர் ஒங்க வீட்டுக்காரருக்கு நல்லா வெளக்கிச் சொன்னாராம். கர்ப்பப்பை வாய் நேரத்தோட தெறந்திருச்சு. அடுத்த தடவ ஆரம்பத்துலயே வந்தா தையல் போட்டுக் காப்பாத்த வழி இருக்குன்னு சொல்லியிருக்காரு. அவரு ஒங்ககிட்ட சொல்லலியா?"

ஏன் திறந்தது என்று சிந்துஜா மெல்லக் கேட்டாள். அதையும் டொக்டர் அவரிடம் சொல்லியிருப்பார், வீட்டில் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நிஷாந்தினி அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

சிந்துஜா வீட்டில் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. அவனுக்கு எல்லாம் தெரியும். அவள் பாரம் தூக்கியதால்தான் திறந்தது என்று டொக்டர் சொல்லியிருப்பார். அவள் மனம் நோகும் என்று அதை மறைத்தான் என்றால், அடுத்த தடவைக்கு வழி இருக்கிறது என்பதை ஏன் மறைத்தான்? அவனுக்கு அடுத்த தடவை வேண்டாம். அவளோடு வேண்டாம். இந்த முடிவுக்கு வந்தபோதும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மடுல்கெல்லைக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று தீர்மானித்தாள். கல்யாணம் வேண்டுமென்றும் அழாமல், வேண்டாமென்றும் அழாமல், பஸ்ஸுக்கு எடுத்து வைக்கும் உடுப்பைப்போல அதை மடித்து வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அவள் இரண்டு சேலையையும் நாலைந்து சட்டைகளையும் பையில் அடுக்கினாள். பாலம்மாவும் இராமையாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். குசினியைத் துடைத்தாள். அரிசி, பருப்பு டின்களின் மூடியை இறுக்கினாள். கருவாட்டுப் பைதான் மிஞ்சியது. லயத்தில் எலித் தொல்லை. கருவாட்டை எங்கே வைத்தாலும் தேடி வரும். அவள் இருந்தால் விரட்டுவாள், நாளையிலிருந்து யார் விரட்டுவது? அண்ணாந்து பார்த்தாள். முக்காலியைப் போட்டு ஏறி, பையைக் கொக்கியில் மாட்டினாள். எலிக்கு எட்டாது. அதைத் தவிர வேறு எதையும் அவள் அப்போது நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை.

விளக்குப் போடுகிற நேரத்துக்குச் சுரேஸ் வந்தான். சட்டையைக் கழற்றிப் போட உள்ளே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அதுல ஏன் மாட்டுன?"

"எலி வருது. நாளைக்கு மடுல்கெல்லைக்குப் போறேன்."

"எப்ப வருவ?"

அவன் மூலையில் இருந்த உடுப்புப் பையைப் பார்த்தான், அது நிறைந்திருந்த விதத்தைப் பார்த்தான். பிறகு கொக்கிக்கு நேர் கீழே, வெறும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்தான்.

"அதக் கழட்டணும்னு எத்தனையோ தடவ ஏறிப் பாத்தேன், கை வரல. அம்மா அன்னிக்கே சொன்னிச்சு. நான்தான் கேக்கல. நான் மாட்டுனதாலதான் புள்ள போயிருச்சு, சிந்து."

அவன் என்ன சொல்கிறான் என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. இத்தனை நாள் அவன் குனிந்து போனது அந்தக் கொக்கிக்கு. அவளுக்கு இல்லை. பிடிபட்டதும் அவளுக்கு முதலில் வந்தது எரிச்சல். நீண்ட நாளைக்குப் பிறகு வந்த எரிச்சல்.

"டொக்டர்தான் ஏன்னு வெளக்கிச் சொன்னாராமே. நிஷாந்தினி மிஸ் சொன்னாங்க. அப்புறம் ஏன் இப்படிப் பேசுறீங்க? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அவன் தலையைத் தூக்காமலே சொன்னான். அவனுடைய சிங்களம் கடைச் சிங்களம். ஆணி, கம்பி, குழாய், பெயின்ட், எந்த அளவு, எத்தனை அடி என்று வந்தால் அவனை அசைக்க ஆளில்லை. மர்சூக் ஹாஜியாரே வீடு கட்டுகிற பெரிய கொந்தராத்துக்காரர்களை அவனிடம்தான் விடுவார். ஆனால் அந்த வாசலில் டொக்டர் பேசியதில் பிள்ளை என்ற சொல்லும் அம்மா என்ற சொல்லும் மட்டும்தான் அவனுக்குப் பிடிபட்டன. திருப்பிக் கேட்கலாம் என்று நினைத்தானாம். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள், நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தப் பிள்ளை செத்துப்போன காரணம்கூட விளங்காத மடையன் என்று நினைப்பார்களே என்று தலையை ஆட்டிவிட்டான். ஒரு தடவை ஆட்டிய பிறகு நிறுத்த முடியவில்லை. வெளியே வந்த பிறகு காரணம் இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கையில் இருந்த காரணம் கொக்கி ஒன்றுதான்.

சிந்துஜா அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "நான் தர்ஷனத் தூக்குனதாலன்னு நெனச்சேன். நீங்களும் அப்படித்தான் நெனக்கிறீங்கன்னு இருந்தேன்."

"எந்தத் தர்ஷன்?" என்றான் சுரேஸ்.

அவன் உண்மையாகவே விழித்தான். அவனுக்கு அந்தக் கதையே தெரியாது. இத்தனை நாள் அவள் தலையில் சுமந்ததை அவன் காதால்கூடக் கேட்டிருக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

பிறகு அவன் கடைக் கதையைச் சொன்னான். கடையில் யாருக்கும் அவன் சொல்லவில்லை. வீட்டில் எப்படி என்று ஹாஜியார் தினமும் விசாரிப்பார், நல்லா இருக்கா முதலாளி என்று இவனும் தினமும் சொல்வான். "அங்க எல்லாரும் நீ இன்னமும் புள்ளத்தாச்சின்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்காங்க. எனக்கும் அங்க இருக்கையில கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். பஸ்ல ஏறுனாத்தான் போயிரும்," என்றான்.

அவன் ஏன் முதல் பஸ்ஸுக்கு ஓடினான் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. தனக்கும் அப்படி ஓட ஓர் இடம் இருந்திருந்தால் ஓடியிருப்பாள். அதைச் சொல்லாமல் வேறொன்றைக் கேட்டாள்.

"என்ன புள்ள?"

"பொம்பளப் புள்ள."

கோயிலிலிருந்து திரும்புகிறவர்களின் பேச்சுச் சத்தம் வாசல் பக்கமாகப் போனது. அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நகமெல்லாம் இருந்துச்சு," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சிந்துஜா மடுல்கெல்லைக்குப் போகவில்லை. பையைப் பிரிக்கவுமில்லை, அது மூலையிலேயே இருந்தது. இராமையா மகனோடும் மருமகளோடும் தோட்டத்து மயானத்துக்கு நடந்து, சரிவின் ஓரத்தில் ஓர் இடத்தைக் கையால் காட்டிவிட்டுத் தள்ளி நின்றார். புல் முளைத்திருந்தது. சிந்துஜா பார்த்தாள். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள், ஒன்றும் தோன்றவில்லை. இங்கேதான் என்று தெரிந்துகொண்டதோடு வீட்டுக்கு வந்தாள்.

அன்று பின்னேரம் சுரேஸ் ஹாஜியாருக்குப் போன் எடுத்து லீவு கேட்டான், ஏன் என்றும் சொன்னான். "இவ்வளவு நாளா ஏன் வாப்பா செல்லல்ல?" என்று மட்டும் ஹாஜியார் கேட்டாராம். பிறகு, எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள் என்றாராம்.

அடுத்த கிளினிக் நாளில் இரண்டு பேரும் போய் வெளியே போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்தார்கள். கூட்டம் நிறைய. நெடுநேரம் கழித்துத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அதே டொக்டர். அவர் பேச ஆரம்பித்ததும் சுரேஸின் தலை பழக்கத்தில் ஒரு தடவை ஆடியது. சிந்துஜா அதைப் பார்த்தாள். அவன் தலையை நிறுத்தினான்.

"மட்ட தேருணே நே, டொக்டர்," என்றான். எனக்கு விளங்கவில்லை.

நாலு சொல்தான். கடைக்கு வருகிற எவனும் வாய் கூசாமல் சொல்லிவிடுவான். சுரேஸுக்கு அதைச் சொல்லி முடிப்பதற்குள் காது சிவந்துவிட்டது. டொக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கதிரையை முன்னுக்கு இழுத்தார். இந்தத் தடவை மெதுவாக, சின்னச் சின்ன வசனமாகச் சொன்னார். ஒரு தாளில் கீறியும் காட்டினார். ஒவ்வொரு வசனத்துக்கும் சுரேஸ் நிறுத்தச் சொல்லி, சிந்துஜாவிடம் திரும்பித் தமிழில் சொன்னான். வாய் எப்படித் திறந்தது என்று சொன்னான். தையல் எப்போது போடுவார்கள் என்று சொன்னான். பிள்ளையைத் தூக்கியதாலா என்று சிந்துஜா கேட்கச் சொன்னாள், கேட்டான். பிறகு அவளைக் கேட்காமல், தனக்குத் தெரிந்த சிங்களத்தில் தட்டுத் தடுமாறி, கொக்கியைப் பற்றியும் கேட்டான்.

டொக்டர் சிரிக்கவில்லை. இரண்டு பேரையும் பார்த்து ஒரே ஒரு வசனம் சொன்னார். சுரேஸுக்கு அது முழுக்க விளங்கியது. சிந்துஜாவிடம் திரும்பினான்.

"அம்மா மேலயும் பெழ இல்லியாம்," என்றான். பிறகு மிச்சத்தையும் சொன்னான். "அப்பா மேலயும் பெழ இல்லியாம்."

யார் அம்மா, யார் அப்பா என்று சிந்துஜாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆறுதல் சொல்ல வந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அவர்களை அப்படிச் சொன்னதில்லை. அழுகை அப்போதுதான் வந்தது. அவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். டொக்டர் காத்திருந்தார். வெளியே வாங்கில் இருந்தவர்களும் காத்திருந்தார்கள்.